தண்ணீர் நின்ற கோடு

மத்தியானம் இரண்டரை மணி. பேய்க் கதைக்கு இது ஒரு நேரமா என்று கேட்காதீர்கள். நடந்த நேரத்தைத்தானே சொல்ல முடியும்?

சித்திரை மாதம். அமராவதிபுதூரைத் தாண்டி உள்ளே பிரிகிற ஒரு மண் ரோடு. இரண்டு பக்கமும் பொட்டல்... கருவேல மரம்... ஒரு காக்காய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆள் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தார். பெயர் அருள்பாண்டி. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் ஒழுக்கு என்றாலும், ஓதம் ஏறுகிறது என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார்.

வீடு தெரிவதற்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. பாசி வாடை. கண்மாய் வற்றும்போது அடியிலிருந்து கிளம்புமே... அது. வண்டியை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அது சனாவின் வீடு. என்னோடு காரைக்குடி செக்காலையில் வேலை பார்க்கிற ரிஸ்வானை உங்களுக்குத் தெரியும். அவனுடைய அக்கா. மாப்பிள்ளை இனாமுல் ஹசன் துபாயில் இருக்கிறார். கட்டி இரண்டு வருஷம்கூட ஆகாத வீட்டில் அவளும் ஆறு வயது மகள் இன்ஷாவும் மட்டும்தான்.

அருள்பாண்டி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சனா ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க மூணாவது ஆளுண்ணே. கட்டிக் கொடுத்த இன்ஜினியர் வந்தாரு, பெயின்ட அடிச்சுட்டுப் போயிட்டாரு. பிளம்பர் வந்தாரு, ஒண்ணுமில்லேனு போயிட்டாரு. நீங்களாச்சும் என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

படுக்கையறைச் சுவரின் அடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரல் வைத்தால் உப்புப் பொடியாக உதிர்ந்தது. கதவின் அடிப்பக்கம் ஊதிப்போய்ச் சாத்த முடியவில்லை. பீரோவின் கால் நான்கும் துரு. எல்லாவற்றுக்கும் மேலாக, கணுக்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. நான்கு சுவரிலும்.

அருள்பாண்டி ரசமட்டக் கட்டையை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி நட்ட நடுவில் நின்றது. அடுத்த சுவர்... நடுவில். அடுத்தது... நடுவில்.

"தங்கச்சி, மேல இருந்து ஒழுகுனா கறை வட்டம் வட்டமா வரும். கீழ இருந்து ஓதம் ஏறுனா ஏத்த எறக்கமா இருக்கும். இது மட்டமா இருக்கு. இது தண்ணி நின்ன கோடு."

"எங்கண்ணே நின்னுச்சு?"

"இந்த ரூம்புக்குள்ளதான். நாலஞ்சு நாளாவது நின்னிருக்கணும்."

சனாவுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. "குழாய்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. குடிக்கக் கேன் வாங்கிக்கிட்டு இருக்கேன். நீங்களும் இப்புடிச் சொன்னா நான் எங்குட்டுப் போறது?"

அருள்பாண்டி மேலே ஏறினார். மாடித் தொட்டியைக் காலி செய்தார். எல்லா வால்வையும் மூடினார். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் கோத்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வந்து பார்த்தார். தாளின் உள்பக்கம் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. வெளிப்பக்கம்... அறையைப் பார்த்த பக்கம்... மெல்லிசாகச் சேறு படிந்திருந்தது. சேறு நின்ற இடத்தில் ஒரு கோடு.

கோடு இப்போது முழங்கால் உயரத்தில் இருந்தது.

விக்கி, கதைக்கு நடுவில் கையைத் தூக்காதே, நீ என்ன கேட்கப் போகிறாய் என்று தெரியும். முன்னே அங்கே ஊருணி இருந்திருக்கும், யாராவது செத்திருப்பார்கள்... அதுதானே? சனாவும் அப்படித்தான் நினைத்தாள். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற சின்னக்கருப்பைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவருக்கு எழுபது வயது. சிரித்துவிட்டார்.

"இங்கயா? தண்ணியா? மழ பேஞ்சா ஓடி எறங்குற மேடு ஆத்தா இது. குடிக்க மூணு மைலு நடந்தோம். எங்க அய்யா காலத்துலயும் இங்க தண்ணி நின்னதில்ல, ஒருத்தரும் செத்ததும் இல்ல."

ஒரு காரணமாவது கிடைத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அதுவும் இல்லை.

அடுத்த வாரம் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. சர்வீஸ் ஆள் வந்து பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே கை வைத்து ஒரு பிடி சேற்றை எடுத்துக் காட்டினார்.

"தண்ணியில முங்கினதுக்கு வாரண்டி கெடையாதும்மா."

"முங்கல சார்."

"அப்ப இது என்ன?"

 சனா போனில் மாப்பிள்ளையிடம் சொன்னாள். "நீ தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவுறே. அதான் எல்லாம் போச்சு" என்றார் அவர். அன்றைக்கு சனா போனைச் சுவரில் எறிந்து உடைத்தாள். வைப்பர், உப்புத்தாள், தேய்க்கிற பிரஷ்... எல்லாம் எடுத்து விடிகிற வரைக்கும் அந்தக் கோட்டைச் சுரண்டினாள். விரல் நுனியெல்லாம் ரத்தம். கோடு போனது. வெள்ளை அடித்தாள்.

மூன்றாம் நாள் கோடு வந்தது. கட்டில் உயரத்துக்கு.

ரிஸ்வான் வந்து கூப்பிட்டான். "பேசாம நம்ம வீட்டுக்கு வந்துருக்கா."

"எதுக்கு வரணும்? என் வீடு இது. தண்ணி இருந்தாப் பயப்படலாம். இல்லாத தண்ணிக்கு என்னத்துக்குடா பயப்படணும்?"

கோபம்தான் அவளை அங்கே உட்கார வைத்தது. பயந்திருந்தால் கிளம்பியிருப்பாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இன்ஷா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சனா அடுப்படியில் பாத்திரம் ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தாள். படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம்.

களுக்...

குடத்தைக் கிணற்றில் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மறுபடியும்... களுக்... களுக்...

ஓடினாள். கட்டிலில் பிள்ளை மல்லாந்து கிடந்தது. மெத்தை காய்ந்திருந்தது. கவுன் காய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது. உதடு மட்டும் நாவல்பழம் தின்ற மாதிரி நீலம்.

தூக்கிக்கொண்டு அந்த மண் ரோட்டில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். மெயின் ரோட்டில் ஒரு ஆட்டோ. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். வாயிலிருந்து பச்சைப் பச்சையாகத் தண்ணீர் வந்தது. பாசியும் வந்தது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் குளத்துலம்மா விழுந்துச்சு?"

"விழுகல சார். கட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

"ட்ரெஸ்ஸ மாத்திட்டுக் கொண்டாந்தீங்களா? உண்மையச் சொல்லுங்கம்மா. எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சனா அந்த வராண்டாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு கத்தினாளாம். "தண்ணியே இல்ல சார்... தண்ணியே இல்ல..." கூடியிருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையை, கேள்விப்பட்டு ஓடிவந்த ரிஸ்வான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளையைத் தாயே முக்கிவிட்டாள் என்று நினைத்த பார்வை.

நான்காம் நாள் இன்ஷா கண் விழித்தாள். அல்லா காப்பாற்றினான். முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா என் கைய விட்டீக?"

சனா அதற்குப் பிறகு அந்த வீட்டை மிதிக்கவில்லை. பள்ளத்தூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். சாமான்களை எடுத்துவர ரிஸ்வானும் அருள்பாண்டியும் போனார்கள். பட்டப்பகல். பதினொரு மணி வெயில்.

கதவு திறக்கவில்லை. ஊதிப்போயிருந்தது. இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். உள்ளே தரை காய்ந்திருந்தது. கால் வைத்த இடமெல்லாம் காய்ந்த சேறு அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அருள்பாண்டி பழக்கத்தில் கோட்டைத் தேடினார். சுவரில் கோடே இல்லை. அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே பழுப்பு. ஃபேன் இறக்கையில் பாசி காய்ந்து தொங்கியது.

"தம்பி..." என்றார்.  கையை மேலே காட்டினார்.

சீலிங்கில் இரண்டு கைத்தடம். கீழே இருந்து அழுத்தின மாதிரி. ஒன்று சின்னப் பிள்ளையின் உள்ளங்கை. ஒரு முழம் தள்ளி, பெரிய கை. பெரிய கையிலிருந்து சின்னக் கையை நோக்கி, சிமென்ட் பூச்சில் மூணு நகக்கீறல்.

ரிஸ்வான் எட்டு வயதில் விளையாட்டுக்கு ஒரு கதவைப் படாரென்று சாத்தினான். அதில் அக்காவின் வலது கை நசுங்கியது. அன்றிலிருந்து சனாவுக்கு அந்தக் கைச் சுண்டுவிரலில் ஒரு கணு கிடையாது.

மேலே இருந்த அந்தப் பெரிய கையிலும்... சுண்டுவிரல் ஒரு கணு முன்னாலேயே நின்றது.