தலைமாட்டில் கீபோர்டு

இன்று மாலை தேஹு ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறியதும் எதிர் இருக்கையில் தமிழ் கேட்டது. அக்காவும் தங்கையும்.

"இன்னைக்குப் பூரா உன் தலைமாட்டுல உட்கார்ந்துதான் டைப் அடிச்சேன்," என்றாள் தங்கை.

"புளுகாதடி. சாகண் கம்பெனியில ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்து படுத்தா, உன் கீபோர்டு மண்டையில டக்கு டக்குன்னு அடிக்கும். இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். நீ அதைக் கடையில திருப்பிக் குடுத்துட்டியோன்னுல்ல நினைச்சேன்."

"எதுக்குக் குடுக்கணும்? மலிவான கீபோர்டுதான், ஆனா ஒவ்வொரு கீக்கும் அடியில இருக்கிற ஸ்விட்சைக் கழட்டி மாத்தலாம். எல்லாத்தையும் பிடுங்கிட்டு, சத்தம் வராத ஸ்விட்ச் மாட்டிட்டேன்."

"அப்பவும் அடியில தட்டுமே?"

"அதுக்கு உள்ள ஸ்பாஞ்ச் வெட்டி வெச்சிருக்கேன்."

"ஸ்பாஞ்ச் ஏது?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "உன் சாப்பாட்டு டப்பா பையில இருந்ததுதான்க்கா. கம்பெனி பேக்கிங்ல வந்ததுன்னு நீ டப்பாவைச் சுத்தி வெச்சிருந்தியே, சூடு ஆறாம இருக்க."

"அடிப்பாவி! அதான் நேத்து ராத்திரி சாப்பாடு ஜில்லுன்னு கிடந்துதா?"

காசார்வாடியில் இறங்க எழுந்தபோது அக்கா சொன்னாள்:

"நான் வேற ஸ்பாஞ்ச் கொண்டு வந்துக்கிறேன். நீ அதைக் கழட்டிடாத."