ஒரு ஃபேஸ் மட்டும் போன நாள்

கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கத் தெரியாதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்குவார்கள். அப்புறம் ஃபைலைக் காணோம், போட்டோவைக் காணோம் என்று கடை கடையாக ஏறி இறங்குவார்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுத்தவர் ராயப்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் கரீமுல்லா. யுபிஎஸ் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதிலிருந்து ஒரு ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகினார்.

"பீப் பீப்னு கத்திக்கினே இருக்கும்மா, பயந்துக்காதீங்க. இன்னா அவசரம்னாலும் பிளக்கைப் புடுங்காதீங்க. எழுதுனத சேவ் பண்ணுங்க, எல்லாத்தையும் மூடுங்க, அப்பால ஷட்டவுன். நீங்க மறந்தாலும் பேட்டரி கொறஞ்சா அதுவே சேவ் பண்ணிக்கினு மூடிக்கும். திரும்பப் போட்டா வுட்ட எடத்துல வந்து நிக்கும்."

பேட்டரி எவ்வளவு குறைந்தால் மூடிக்கொள்ள வேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்றும் காட்டினார். நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

என் கணவர் கஸ்தூரிரங்கனுக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் வாய். நரம்பு நோய். கை போயிற்று, கால் போயிற்று, நாக்கும் போயிற்று, கண் மட்டும் மிச்சம். திரையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக அவர் பார்க்கப் பார்க்க அது வார்த்தையாகும். பிறகு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு குரல் அதைப் படிக்கும். கல்லூரியில் கெமிஸ்ட்ரி புரொஃபசராக இருந்தவர். கச்சேரிக்குப் போனால் ராகத்தைப் பற்றிப் பக்கத்து சீட்காரரிடம் பேசிப் பேசியே அவரை வேறு இடம் தேட வைத்துவிடுவார். அந்த மனிதருக்குக் கடைசியில் இந்தக் குரல் வாய்த்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். மேலே பார்த்தால் சரி, கீழே பார்த்தால் வேண்டாம். காபி கலக்கட்டுமா என்று கேட்பேன், மேலே பார்ப்பார். பேப்பர் படிக்கட்டுமா என்பேன், மறுபடி மேலே. எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்த பாஷை அது. கனடாவில் இருக்கும் எங்கள் பிள்ளை குருபிரசாத்துக்குத் தெரியாது. உதவிக்கு வரும் ஷீலாவும், வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் ஆஃப்ரீனும் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தவர்கள்.

மயிலாப்பூரில் இரண்டாவது மாடி எங்கள் ஃபிளாட். சமையலறை ஜன்னலில் கோபுரம் தெரியும். ஆனால் நான் கோயிலுக்குள் போய் யுகமாகிறது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், எச்சிலை உறிஞ்சி எடுக்க வேண்டும், வயிற்றுக் குழாயில் கஞ்சி விட வேண்டும், தூக்கத்தில் மூச்சு மெஷினின் மாஸ்க் நகர்ந்தால் எழுந்து சரிசெய்ய வேண்டும். ஷீலா பகலோடு சரி. குறையாகச் சொல்லவில்லை. மனைவி என்று ஒருத்தி இருக்கும்போது வேறு யார் செய்வார்கள்?

ஐப்பசி மாதம் அவருக்கு மூச்சு இன்னும் குறைந்தது. டாக்டர் ஆஃப்ரீன் என்னைக் கூடத்தில் உட்காரவைத்து விளக்கினார். தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்து, வீட்டிலேயே வென்டிலேட்டரில் வைத்துக்கொள்ளலாம். பல வருஷம்கூட இருப்பார். வேண்டாம் என்றால் மாஸ்க்கும், மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்தும். அப்படியானால் சில வாரங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம்.

"அங்கிள்தான் சொல்லணும் ஆன்ட்டி. அவருக்காக வேற யாரும் முடிவெடுக்கக் கூடாது. நான் திரும்ப வரும்போது அவர்கிட்டயே நேர்ல கேட்டுக்கறேன்" என்றார்.

பிள்ளையும் போனில் அதையேதான் சொன்னான். "அப்பா என்ன சொல்றாரோ அப்படியே பண்ணிடலாம்மா." கனடாவிலிருந்து சொல்வது சுலபம்.

அன்று சாயங்காலமே அவர் எழுதிவிட்டார். அந்த ரயில்வே குரல் படித்தது: "நான் டியூப் போட்டுக்கறேன் ஜலஜா. எனக்கு இன்னும் அலுக்கலை."

எனக்கு அலுத்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை. எனக்கு வாய் இருந்தும் சொல்லவில்லை. "சரி, டாக்டர் வரட்டும்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் பொடிக்கப் போனேன். பொடிக்கும்போது அழுதேன். அவருக்கு வாழ ஆசையாக இருந்தது எனக்கு அவ்வளவு துக்கமாக இருந்தது.

டாக்டர் வருவதாகச் சொன்ன நாள் நல்ல மழை. இந்த மழையில் வர வேண்டாம் என்று ஷீலாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பேட்டரி பாதியானாலே மூடிக்கொள்ளும்படி கம்ப்யூட்டரில் மாற்றி வைத்தேன். பழைய பேட்டரி, எதற்கு வம்பு.

அப்புறம் கரண்ட் போயிற்று. அதாவது கூடத்திலும் அவர் அறையிலும் போயிற்று. வாசல் பக்கம் இருக்கும் போர்டில் அந்த இரண்டுக்குமான டிரிப்பரை நான்தான் இறக்கினேன். மூச்சு மெஷினுக்குத் தனி பேட்டரி உண்டு. அது நிறைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன். அந்த விஷயத்தில் நான் அஜாக்கிரதையாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஃபேன் நின்றது. யுபிஎஸ் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், அவசர அவசரமாக எழுத ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாதி எழுதும்போதே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேவ் செய்துகொண்டு, முறைப்படி மூடிக்கொண்டது.

பக்கத்து ஆத்தில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். என்னைப் பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

டாக்டர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். "ஒரு ஃபேஸ் மட்டும் போயிடுத்து டாக்டர். கம்ப்யூட்டர் மூடிண்டுடுத்து" என்றேன். இந்த ஊரில் ஒரு ஃபேஸ் போயிற்று என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரில பெட் ஒதுக்கி வெச்சிருக்காங்க ஆன்ட்டி. வேணுமா வேண்டாமான்னு இன்னிக்கே சொல்லியாகணும். கரண்ட் எப்ப வரும்?"

"இந்த மழைல லைன்மேன் எங்க வரப்போறான்?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "கண்ணால ஏதாவது சிக்னல் வெச்சிருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். "முன்னாடி வெச்சிண்டிருந்தோம். கேட்டுப் பாருங்கோ" என்றேன்.

டாக்டர் கட்டில் பக்கம் குனிந்து நிதானமாகக் கேட்டார். "அங்கிள், தொண்டையில டியூப் போட்டுக்க உங்களுக்குச் சம்மதமா?"

அவர் மேலே பார்த்தார். கருவிழி முழுக்க இமைக்குள் போகும்படி பார்த்தார். இறக்கி, மறுபடியும் மேலே பார்த்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம் ஆன்ட்டி?"

"வேண்டாம்னு அர்த்தம்" என்றேன். "மேல பார்த்தா வேண்டாம். கீழ பார்த்தா சரி."

அவர் எதிரிலேயேதான் சொன்னேன், முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை.

டாக்டர் கெட்டிக்காரப் பெண், அத்தோடு விடவில்லை. "முக்கியமான விஷயம் அங்கிள், இன்னொரு தடவை கேக்கறேன். ஆன்ட்டி சொன்ன மாதிரி, டியூப் வேணும்னா கீழ பாருங்க, வேண்டாம்னா மேல பாருங்க."

இப்போது அவர் செய்ய வேண்டியதெல்லாம் கீழே பார்ப்பது ஒன்றுதான். அவ்வளவு படித்த மூளைக்கு அதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் என்னைப் பார்த்தார். என் தலை, என் கழுத்து, என் கை என்று பார்த்துக்கொண்டே வந்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. பிறகு மெதுவாக, ஒரே ஒரு தடவை, மேலே பார்த்தார்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி அங்கிள், கஷ்டமில்லாம பாத்துக்கறோம்" என்றார். டாக்டர் கண்ணும் கலங்கியிருந்தது. கஷ்டமில்லாமல்தான் பார்த்துக்கொண்டார்கள். மார்கழியில், விடிகாலைப் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் மூச்சு நின்றது. பிள்ளை வந்து எல்லாக் காரியத்தையும் முறையாகச் செய்தான். அப்பா தைரியமாக முடிவெடுத்தார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். எனக்கு இப்போது தூங்க நேரம் இருக்கிறது, ஆனால் தூங்க முடியவில்லை. மாஸ்க் நகர்ந்திருக்குமோ என்று எழுந்து எழுந்து உட்காருகிறேன். அந்தப் பக்கம் வெறும் கட்டில்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

டாக்டர் வந்துபோன மறுநாள், அந்த ஆஸ்பத்திரிப் படுக்கை வேறு யாருக்கோ போய்விட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு, கம்ப்யூட்டரைப் போட்டேன். அவர் வாயை நான் அடைத்து வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? கரீமுல்லா சொன்னபடியே விட்ட இடத்தில் வந்து நின்றது. முந்தின நாள் அவசரத்தில் அவர் எழுதியிருந்ததில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

"டாக்டர், நான் டியூப் போட்டுக்கறேன். ஆனா ராத்திரிக்கு ஒரு நர்ஸ் வெச்சாகணும். என் பென்ஷன் அதுக்குப் போதும். ஜலஜா தூங்கி ரொம்ப நாளாச்சு. அவ வாயால சொல்ல மாட்டா. அவ"

அதோடு நின்றிருந்தது. நானும் படித்தேன், அவரும் படித்தார். அதற்கப்புறம் என்ன எழுத வந்தார் என்று நான் கேட்கவில்லை. குரல் கொடுக்கும் பொத்தானை அவரும் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் இருந்த அழிக்கும் கட்டத்தை மட்டும் பார்த்தார். கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் குறைந்துகொண்டே வந்தது. நெடுநேரம் ஆயிற்று. நடுவில் அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு திரை சரியாக வேலை செய்யவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். மறுபடி ஆரம்பித்து, திரை வெள்ளையாகும்வரை அழித்து முடித்தார்.

யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அவரேதான் அழித்தார்.