மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி கேட்பதையே கடமையாகக் கொண்டு இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மேற்பார்வைக் குழுத் தலைவர் அம்மையார் அவர்களே! மாலையோடு மனத்தையும் சேர்த்துக் கொண்டுவந்த மாவட்ட மன்ற உறுப்பினர்களே! முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! மடியில் குழந்தையையும் மனத்தில் வீட்டு வேலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து நின்று, நான் தெருமுனை திரும்பியதும் பெருமூச்சோடு உட்கார்ந்த உணவக உரிமையாளர்களே! கதவருகே நின்றுகொண்டு, போவதா இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யாத கடைசி வரிசை நண்பர்களே! உங்கள் அனைவரையும் கரம் குவித்து வணங்குகிறேன்.

இன்று மாலை ஐந்து மணிக்கு என் அடையாள அட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் கழுத்தில் தொங்கிய அட்டை. சுகாதார ஆய்வாளர் என்று போட்டு, கீழே இருபத்தேழு வயதில் எடுத்த ஒரு படம். இப்போது கழுத்தில் மாலை கிடக்கிறது. கை மட்டும் அடிக்கடி அந்த அட்டையைத் தேடுகிறது.

என்ன சொல்கிறீர்கள்? டீ ஆறுதா? ஆறட்டும் ஐயா, ஆறட்டும். இந்த மேடையில் எல்லோருக்கும் திறந்த கோப்பையில் தேநீர் வந்தது. எனக்கு மட்டும் மூடி போட்டு வந்திருக்கிறது. 'மூடியம்மா' என்று நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என் வண்டியைப் பார்த்ததும் "மூடியம்மா வராங்கடா" என்று கத்துவது எனக்குக் கேட்கும். இன்றைக்கும் யாரோ குறும்பு செய்திருக்கிறார்கள். யாரென்று போய்ப் பார்க்கலாம் என்றால், மன்றச் செயலாளர் என்னைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. "இன்னிக்காவது அடுப்படிக்குள்ள போகாம இருங்க மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சிரிக்காதீர்கள், உண்மை!

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சோதிக்கப் போகும் இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. நல்ல விதி; நேரிய விதி. ஆனால் அன்பர்களே, இந்த ஊரில் நான் சோதிக்காத இடம் எது? உணவகம் என் பொறுப்பு. பேக்கரி என் பொறுப்பு. பள்ளிக் குழாய் என் பொறுப்பு. மருத்துவமனைச் சமையலறை என் பொறுப்பு. மண்டபம் என் பொறுப்பு. அப்படியானால் நான் எங்கே போய், யாரோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடிப்பேன்?

திருமண அழைப்பிதழ்கள் வரும். "அவசியம் வந்துடுங்க மேடம்" என்று வாய் சொல்லும். "தயவு செஞ்சு வந்துடாதீங்க" என்று கண் சொல்லும். நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கரண்டிச் சத்தம்கூட நின்றுவிடும். மதியச் சாப்பாட்டை அலுவலக மாடிப்படிக்குக் கீழே, பழைய கோப்பு அலமாரிகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்தச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. முப்பத்தோரு ஆண்டுகளில் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தனியாக இருந்தேன் என்று மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருந்தேன். ரொம்பவே தனியாக இருந்தேன்.

எனக்கு ஓர் அண்ணன் உண்டு.

எங்கள் அம்மா விடியும் முன்பே ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவார். போகும்போது எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கோப்பைத் தேநீர் வைத்துவிட்டுப் போவார். அண்ணன் அதை அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார். என் கைக்கு வரும்போது கோப்பையில் பாதிதான் இருக்கும்.

"என்னண்ணா, பாதிதான் இருக்கு?"

"சூடு பார்த்தேன் பாப்பா. உனக்கு நாக்கு வெந்துடக் கூடாதுல்ல?"

சூடு பார்ப்பதற்கு எதற்கு அரைக் கோப்பை என்று கேட்கும் அறிவு எனக்கு வரவே பத்து வயதாகிவிட்டது! இந்த மாவட்டத்தின் முதல் உணவு ஆய்வாளர் நானில்லை அன்பர்களே, என் அண்ணன்தான். மாதிரி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். பாதிக்கு மேல் ஒரு சொட்டு அவர் குடித்ததில்லை. மீதிப் பாதி எப்போதும் எனக்குத்தான்.

வளர்ந்தோம். நான் ஆய்வாளர் ஆனேன்; அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பன்னிரண்டு பேர் உட்காரும் ஓர் உணவகம் வைத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஆண்டுச் சோதனைக்காக அந்தக் கடைக்குப் போனேன். சொந்தக்காரர் கடை என்று எழுதிக் கொடுத்து வேறு ஆய்வாளரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் முதல் பிழை. அடுப்பைப் பார்த்தேன், சரி. பாத்திரங்களைப் பார்த்தேன், சரி. மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏணியில் கால் வைத்தேன். அண்ணன் கையில் கோப்பையோடு வந்தார்.

"மேல எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. எதுக்கு ஏறிக் கால வலிக்க வச்சுக்கற? டீ ஆறுது பாப்பா, குடி."

டீ ஆறுது! சற்று முன் நீங்கள் சொன்ன அதே சொல். ஒரு விதியும் இல்லாத சொல், வீட்டுச் சொல். எத்தனையோ ஆண்டுகளாக எனக்கு யாரும் சொல்லாத சொல். ஏணியிலிருந்து காலை எடுத்தேன். உட்கார்ந்தேன். குடித்தேன். எவ்வளவு சுவையாக இருந்தது தெரியுமா? படிவத்தில் 'தொட்டி: சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தொட்டியின் மூடி உடைந்திருந்தது. உள்ளே ஒரு புறா செத்துக் கிடந்தது.

நான் குடித்தது கொதித்த தேநீர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் பச்சைத் தண்ணீர் குடித்தவர்கள் பத்தொன்பது பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் கிடந்தார்கள். அண்ணன் மகளும் அதில் ஒருத்தி. பதினெட்டுப் பேர் வீடு திரும்பினார்கள். பள்ளிச் சீருடைகள் தைக்கும் தையற்காரர் திரும்பவில்லை. அவர் தைத்து முடித்த கால்சட்டைகள் கடையில் கொக்கியில் தொங்கிக்கொண்டே இருந்தன. அவற்றை வாங்கிப் போக வந்த பிள்ளைகளை நான் பார்த்தேன் அன்பர்களே.

இதோ அமர்ந்திருக்கிறாரே, இந்தத் தலைவர் அம்மையார், இவருடைய குழுவின் முன் என்னை அழைத்தார்கள். கூடத்துக்கு வெளியே, நடைபாதைப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திறந்து பார்த்தேன்னு சொல்லிடு பாப்பா. அப்புறமாத்தான் உடைஞ்சதுன்னு ஆயிடும். உன் வேலையும் போகாது, என் கடையும் போகாது."

உள்ளே போனேன். அம்மையார் என் படிவத்தைக் கையில் எடுக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூடியைத் திறந்து பார்த்தீங்களா?"

கதவு பாதி திறந்திருந்தது. பெஞ்சில் அண்ணனுடைய முழங்காலும் செருப்பும் மட்டும் எனக்குத் தெரிந்தன. 'ஆமாம்' என்றால் அந்தச் செருப்புக்காரர் எழுந்து வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போவார். 'இல்லை' என்றால்?

"இல்லைங்க. பார்க்கலை. டீ குடிச்சிட்டு வந்துட்டேன்" என்றேன்.

எனக்கு மூன்று மாத இடைநீக்கம். அண்ணன் கடைக்குப் பூட்டு. வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார். "நீ நல்ல ஆபீசர். நல்லா இரு" என்றார். அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகளாக அதற்கு அடுத்த சொல் வரவில்லை. அவர் மகள் திருமணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் அடுத்த பக்கம் போய்விடுவார். யார் யார் சமையலறையிலோ கூலிக்கு அடுப்பு பார்க்கிறார் என்று கேள்வி.

அன்றிலிருந்து நான் திறக்காத மூடி இல்லை. எண்பத்திரண்டு பள்ளித் தொட்டிகள், ஏறித் திறந்தேன். முட்டி தேய்ந்தது, ஏறினேன். மழையில் வழுக்கியது, ஏறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடித் தொட்டியையும் திறந்து பார்ப்பேன். அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பது நான் ஒருத்திதான். இருந்தாலும் பார்ப்பேன்.

இதையெல்லாம் பிரிவுபசார நாளில் ஏன் சொல்கிறேன்? அடுத்த வாரம் மாவட்ட மன்றத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. இந்த மேற்பார்வைக் குழு இனி வேண்டாமாம். மாதம் ஒரு நாள் ஆய்வாளர்களையும் தீயணைப்பு அலுவலர்களையும் ஆம்புலன்ஸ் பொறுப்பாளர்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது கால விரயமாம். படிவத்தை நிரப்பிக் கணினியில் ஏற்றினால் போதுமாம்.

போதுமா? என் படிவம் நிரம்பித்தானே இருந்தது? அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரம்பித்தானே இருந்தது? அது என் கண்ணைப் பார்த்ததா? என் குரல் நடுங்கியதைக் கேட்டதா? படிவத்திடம் பொய் சொல்வது எளிது அன்பர்களே. அது திருப்பிக் கேட்காது. மனிதர் கேட்பார்! மறுபடி கேட்பார்! மக்கள் குடிக்கும் தண்ணீருக்காக, மருந்துக்காக, மூச்சுக்காக முகம் பார்த்துக் கேட்பார்!

இந்தக் குழுவின் ஒரு கேள்வி என் அண்ணனை என்னிடமிருந்து பிரித்தது. அந்தக் கேள்வியை வெறுக்க இந்த மண்டபத்தில் எனக்கு இருக்கும் உரிமை வேறு யாருக்கும் இல்லை. அந்த உரிமையோடு சொல்கிறேன்: அதை நிறுத்தாதீர்கள்! ஒன்பது ஆண்டுகளாக இந்த ஊரில் கெட்ட தண்ணீரால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்குக் காரணம் நானா? இல்லை. அடுத்த மாதமும் அந்த அம்மா கேட்பாரே என்ற பயம்! அந்தப் பயத்தை எங்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள். என்னைத் தனியாக்கிய கேள்வி உங்கள் பிள்ளைகளைக் காக்கட்டும்!

கை தட்டியது போதும். அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாலை சூட்டியவர்களுக்கும், முகம் சுளித்தாலும் மூடியை மாற்றியவர்களுக்கும், இவ்வளவு நேரம் இருந்து கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி விடைபெறுகிறேன்.

என்ன? டீயைக் குடிக்காமல் உட்கார விடமாட்டீர்களா? சரி. ஐந்து மணிக்கு மேல் எனக்கு விதி இல்லை. குடிக்கிறேன். ஆனால் பழக்கம் போகாது. முதலில் மூடியைத் திறந்துதான் பார்ப்பேன்.

...

மன்னிக்க வேண்டும். ஒரு நிமிடம்.

அன்பர்களே, இந்தக் கோப்பையில் பாதிதான் இருக்கிறது.

விளிம்பில் வாய் வைத்த தடம் இருக்கிறது. இது விதிமீறல். ஒருவர் குடித்த கோப்பையை இன்னொருவருக்குக் கொடுப்பது பெரிய விதிமீறல். இந்த மண்டபத்துச் சமையலறையில் அடுப்பு பார்ப்பவர் யாரென்று செயலாளர் ஏன் மறைத்தார் என்று இப்போது புரிகிறது. கதவருகே நிற்பவர்களே, கொஞ்சம் வழிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால், தோளில் துண்டோடு நிற்கிறவரை நான் பார்க்க வேண்டும்.

அண்ணா, சூடு பார்த்தியா?

நான் ரொம்ப நேரம் பேசிட்டேன் அண்ணா. ஆறிப்போச்சு. பரவாயில்லை. குடிச்சிட்டு வரேன், அங்கேயே இரு.

அனைவருக்கும் வணக்கம்.