முன்பல் ரெண்டு

கம்பியெல்லாம் கட்டாதீங்க டாக்டரம்மா. பிடுங்கிருங்க. மேல ஆடுத முன்பல்லு ரெண்டும். இன்னைக்கே.

கம்பி போட்டா ரெண்டு வருசம் ஓடும்னு நீங்க சொல்லுதது காதுல விழுந்துச்சு. ஓட வேண்டாம். சுகரு நேத்துப் பாத்தாச்சு, சீட்டு பையில இருக்கு.

ஆமா, வாசிக்கிறவன்தான். அதையும் அந்த நர்சுப் பிள்ள சொல்லிட்டாளாக்கும். சாக்ஸபோனு, கிளாரினெட்டு, டிரம்பெட்டு, வயலினு, பியானோ, எல்லாந்தான். கல்கத்தா ஓட்டல்ல ஜாஸ் பத்து வருசம். கப்பல்ல ஆறு. பொறவு மெட்ராஸ்ல சினிமா ரெக்கார்டிங். பேரா? முன்னால நிக்குதவனுக்குத்தான் பேரு வரும். நான் பக்கத்துல நிக்குதவன். சாக்ஸபோன்காரன் குடிச்சிட்டு விழுந்தானா, ஜாபேசக் கூப்பிடு. பியானோக்காரன் பொண்டாட்டிக்குப் பிரசவமா, ஜாபேசக் கூப்பிடு. போயிருவேன். முடியாதுன்னு எவன்ட்டயும் சொன்னதில்ல. சொல்ல வராது. அது ஒரு சீக்கு.

பாளையங்கோட்டைக்கு வந்த பொறவும் அதே கததான். சபையில யாரு செத்தாலும், பெட்டி குழிக்குள்ள இறங்குத வரைக்கும் வாசிப்பு நான்தான். மழையானாலும்.

இந்தக் கையா? மூணு வருசம் ஆச்சு, வாதம் இழுத்து. இடது கை விரலு ஒண்ணும் மடங்காது. எல்லாத்தையும் பொட்டியில வச்சுப் பூட்டியாச்சு. டிரம்பெட்டு மட்டும் வெளிய கெடக்கு. அதுக்கு வலது கையில மூணு விரலு போதும். உதட்டுல வச்சு அழுத்த முன்பல்லு வேணும். அவ்வளவுதான்.

அதான் சொல்லுதேன், பிடுங்குங்க.

கட்டுப்பல்லா? அடுத்த மாசம் பாப்போம்.

என்ன அவசரம்னா என்னத்தச் சொல்ல. எங்க கல்யாணத்தன்னைக்கு ஆர்கன் வாசிக்கிறவரு வரல. சீவலப்பேரியில பஸ்சு நின்னுபோச்சு. பொண்ணு கார விட்டு இறங்கியாச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாவ. கோட்டோட போயி ஆர்கன்ல உக்காந்துட்டேன். எப்சி கோயிலுக்குள்ள நடந்து வாரா, மாப்பிள்ள நிக்க வேண்டிய எடம் சும்மா கெடக்கு. நான் தூணுக்கு அந்தப் பக்கம் ஆர்கன மிதிச்சிக்கிட்டு இருக்கேன். சனம் பூரா சிரிச்சுது. அவளுந்தான் சிரிச்சா. சிரிக்கலன்னு முந்தாநாத்துதான் சொல்லுதா. அம்பது வருசம் கழிச்சு.

வீட்டுலதான் படுத்திருக்கா. இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுங்கன்னு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பிட்டாவ. ரெண்டு நாளோ, மூணு நாளோ.

சபைக்காரங்க வருவாங்க. அண்ணாச்சி, நீங்களே வாசிச்சாத்தான அக்காவுக்கு மரியாதன்னு ஒருத்தன் சொல்லுவான். நான் டிரம்பெட்ட எடுத்துருவேன். என்னைய எனக்குத் தெரியாதா.

அன்னைக்கு மட்டும் ஊதாதீங்க, எம் பக்கத்துல நில்லுங்கன்னு எப்சி கேக்கா.

ஊசியப் போடுங்கம்மா. வெரசாப் போவணும்.