நீலம் கலக்காத புட்டி

கடலூரில் நமத்துப் போகாத காகிதத்தை நான் பார்த்ததில்லை. வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த இந்தத் தாளும் நமத்துத்தான் இருக்கிறது, மை ஊறுகிறது. குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். பதினெட்டு வருஷம் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவன், கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

என் பெயர் ஹேமசபேசன். சொந்த ஊர் சிதம்பரம், கீழவீதி. இங்கே முதுநகரில் டாக்டர் சுப்புரத்தினம் நடத்தும் தாவரக் களஞ்சியத்தில் செடிகளைப் பதப்படுத்துவது என் வேலை. களஞ்சியம் என்ற பெயரைப் பார்த்து நெல் வாங்க வந்தவர்கள் உண்டு. நாங்கள் செய்வது வேறு. செடியைப் பறித்து, மையொற்றுத் தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி பீரோவில் அடுக்குவோம். நூறு வருஷம் கழித்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து திறந்தாலும் அந்தச் செடி அவருக்குப் பதில் சொல்லவேண்டும். டாக்டருக்கு இது ஆஸ்பத்திரியிலிருந்து ரிட்டையரான பிறகு பிடித்த பைத்தியம். எனக்குத் தவம்.

காய்ந்த செடியைப் பூச்சி விடாது. ஆகையால் சவ்வீரத்தை ஸ்பிரிட்டில் கரைத்து, செடியை அதில் முக்கி எடுப்போம். சவ்வீரம் பாதரச விஷம். கரைந்துவிட்டால் அதற்கு நிறம் கிடையாது. பக்கத்திலேயே வெறும் ஸ்பிரிட் புட்டியும் நிற்கும், இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரி. எனவே விஷப் புட்டியில் கட்டாயம் நீலம் கலக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அட்டையின் ஓரத்தில் லேசாக நீலம் தட்டும், அதனால் பரவாயில்லை. அந்த விதியைப் போட்டவன் நான்தான். எல்லோரும் பாராட்டினார்கள்.

விதி முக்கியமாகக் கொளஞ்சியப்பனுக்காக. எங்கள் களஞ்சியத்தின் ஆள் அவன். பிச்சாவரத்துப் பக்கம் பிறந்தவன், உப்பங்கழியில் எந்தச் செடி எந்தத் திட்டில் முளைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எழுதப் படிக்கத் தெரியாது. மதுவிலக்கு வந்ததிலிருந்து சனிக்கிழமை தோறும் வெறும் ஸ்பிரிட்டில் ஒரு அவுன்ஸ் எடுத்துத் தண்ணீர் கலந்து குடித்துவந்தான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். நீலமாக இருந்தால் தொடமாட்டான். நான் கோபப்பட்டதே இல்லை. சின்ன மனிதர்களின் சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும் குணம் எனக்கு உண்டு.

இப்போது அந்தப் பூ விஷயம். ஒரு புதுச் செடியைக் கண்டுபிடித்தால் கண்டுபிடித்தவர் பெயரை அதற்கு லத்தீனில் வைப்பார்கள். பதினெட்டு வருஷத்தில் நாலாயிரம் அட்டைகள் செய்திருக்கிறேன். அவற்றில் வெள்ளைக்காரன் பெயரில் செடி இருக்கிறது, அவன் மாமனார் பெயரில் இருக்கிறது, என் பெயரில் ஒரு புல்கூட இல்லை. போன ஐப்பசியில் ஒரு தில்லை மரக் கிளையை எடுத்து, அதில் சங்கங்குப்பி என்ற வேறொரு செடியின் பூவை வேலம்பிசின் வைத்து ஒட்டினேன். காம்பும் காம்பும் சேரும் இடம் மயிரிழைகூடத் தெரியாது. இதை மோசடி என்பது பெரிய வார்த்தை. இயற்கைக்கு யோசனை தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

பிச்சாவரத்திலிருந்து வந்த கிளை என்று சொல்லி டாக்டரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஹேமசபேசா, ஒம் பேரு நெலச்சு நிக்கப் போவுதுய்யா" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்றே கல்கத்தாவில் இருக்கும் தாவர நிபுணர் ஒருவருக்குக் கடிதம் போட்டார். தை மாதம் வருவதாகப் பதில் வந்தது.

கொளஞ்சியப்பன் கண்ணாடியெல்லாம் போடவில்லை. அறையைப் பெருக்க வந்தவன் அட்டையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"சார், இது தில்ல எலையாச்சே. இதுல போயி சங்கங்குப்பி எப்டி சார் பூக்கும்? வெளையாட்டுக்கு ஒட்டுனீங்களா?"

யாரிடமும் சொல்லாதே என்றேன்.

"நா எதுக்கு சார் சொல்லப் போறேன்? ஆனா அந்த கல்கத்தாக்காரரு வந்தா என்னத்தான் பிச்சாவரத்துக்கு இட்டுக்கினு போவச் சொல்லுவாரு. எந்த மரத்துலேர்ந்து பறிச்சேன்னு கேட்டா நா எத சார் காட்டுறது?"

நியாயமான கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டான். ஒரு வாரம் யோசித்தும் என்னிடம் பதில் இல்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை புதிதாகச் சவ்வீரம் கரைத்தேன். நீலம் கலக்கவில்லை. புட்டியின் மேல் 'விஷம்' என்று ஆங்கிலத்தில், என் அழகான கையெழுத்தில், சீட்டு எழுதி நேராக ஒட்டினேன். பிறகு அதை வெறும் ஸ்பிரிட் புட்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் யாருக்கும் எதையும் ஊற்றிக் கொடுக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் காலையில் அவன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. டாக்டரும் நானும் போனோம். ரத்தமாக வாந்தி எடுத்துக் கிடந்தான். டாக்டர் முதலில் அவன் வாயைத் திறந்து பார்த்தார், பாயில் இருந்த வாந்தியைப் பார்த்தார். எங்கும் நீலம் இல்லை.

"நல்லவேள, நம்ம புட்டி இல்ல. எங்கயோ கள்ளச்சாராயம் குடிச்சிருக்கான். என்னய்யா சொல்ற?" என்றார்.

"அப்படித்தான் இருக்கும் சார்" என்றேன். பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தபிறகு குறுக்கே பேசுவது எனக்கு வழக்கமில்லை.

அவன் மனைவி தங்கம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "என்னா குடிச்சாருன்னு தெரிஞ்சாதான் சரியான மருந்து குடுக்கலாம்னு டாக்டரு சொல்றாரு. எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டேங்கறாரு. உங்க மேல உசுரு சார் அவருக்கு. நீங்க கேட்டா சொல்லுவாரு."

அவள் கேட்டதால் உள்ளே போய்க் கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"நம்ம ஸ்பிரிட்டுதான் சார். வெளிய சொன்னா நீங்க என்ன கண்டுக்காம உட்டதுக்கு உங்களுக்குல்ல வம்பு. நா சொல்ல மாட்டேன் சார்."

வெளியே வந்து, "ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறான்" என்று தங்கம்மாளிடம் தெரிவித்தேன். பொய் இல்லையே. சவ்வீர டப்பாவின் உள்ளே ஒரு அச்சுத்தாள் இருக்கும். யாராவது விழுங்கிவிட்டால் உடனே முட்டையின் வெள்ளைக்கருவைக் கொடுக்கவேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். நாங்கள் பேசிக்கொண்டு நின்ற இடத்தில் தங்கம்மாளின் கோழிகள் ஐந்து மேய்ந்துகொண்டிருந்தன. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பசியும் இருந்தது, வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆறாம் நாள் இறந்தான். டாக்டர் அழுதார். நானும் மாலை போட்டேன்.

கல்கத்தா நிபுணர் தை பதினைந்தாம் தேதி வந்தார். பிச்சாவரத்துக்குப் போகவேண்டும் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. பூவை உள்ளே பார்ப்பதற்காகக் கிளையை ஒரு கிண்ணம் வெந்நீரில் போட்டார். பிசின் இளகியது. பூ தனியே கழன்று மேலே மிதந்தது. மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார்.

டாக்டருக்கு முகம் செத்துப்போயிற்று. என்னைப் பார்க்காமலே, "ரெண்டு மாசம் முன்னாடி செத்துப்போன எங்க ஆளு கொளஞ்சியப்பன் பண்ண குறும்பு சார் இது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்.

நிபுணர் சிரிப்பை நிறுத்திவிட்டு, காம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இப்படிப்பட்ட கையை இருபது வருஷத்தில் பார்த்ததில்லை என்றார். மாணவர்களுக்குக் காட்டக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறேன் என்று பூவையும் கிளையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். புதிய அட்டையில் அவரே ஒரு சீட்டு ஒட்டினார். 'செய்தவர்: கொளஞ்சியப்பன், கடலூர்.'

அன்று பற்றிய எரிச்சல் இன்னும் அணையவில்லை சார். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவன் கிடந்து செத்த அந்த ஆறு நாளும் நான் வேளை தவறாமல் சாப்பிட்டவன். அந்தக் கொளஞ்சியப்பனுக்கு ஒரு இலையைச் சுருக்கம் இல்லாமல் விரிக்கத் தெரியுமா? பிசினை அவனிடம் கொடுத்தால் முழங்கைவரை பூசிக்கொண்டு நிற்பான்.

ஆகவே என் சுயநினைவோடு எழுதித் தருகிறேன். கொளஞ்சியப்பனைக் கொன்றது நான்தான். தூக்கு என்றாலும் ஆட்சேபம் இல்லை. இதன் நகல் ஒன்றை மட்டும் தயவுசெய்து கல்கத்தாவுக்கு அனுப்பிவையுங்கள். ஒருவன் உழைப்பை இன்னொருவன் பெயரில் எழுதிவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்.