இந்தத் தடவையும் முடியாதாம்

எங்கள் வீட்டில் போனை எடுப்பது எப்போதும் நான்தான். முன்பின் தெரியாதவர்களோடு பேச என் மனைவி லோர்னாவுக்குப் பிடிக்காது. அதனால் இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது.

அவளுடைய புற்றுநோய்க்குப் புது மருந்து ஒன்று இருந்தது. கம்பெனி முன்கூட்டியே சம்மதிக்காமல் ஆஸ்பத்திரியில் அதை ஏற்ற மாட்டார்கள். இரண்டு முறை கேட்டோம், மறுத்துவிட்டார்கள். எங்கள் ஊரான டுலூத்தில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கொதித்தார்கள். சர்ச்சில் எங்களுக்காக ஜெபித்தார்கள். பக்கத்து வீட்டார் சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நோய்க்கு முந்தின கோடையில் லோர்னா பெட்டி கட்டிவிட்டாள். அரிசோனாவில் மகள் டெஸ்ஸோடு இருக்கப்போவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"உன்கூட இருந்தா மூச்சு முட்டுது, வெண்டல்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கிளம்புவதற்குள் நோய் வந்துவிட்டது. படுக்கையில் விழுந்த பிறகு மாறிவிட்டாள். தலை வாரிவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். கடைக்குக் கிளம்பினால் சீக்கிரம் வரச் சொல்வாள்.

டாக்டர் விடாமல் மூன்றாவது முறையும் கேட்டார். பிப்ரவரியில் ஒரு காலை, கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அனுமதி கெடைச்சிருச்சு சார். திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடலாம்."

அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. லோர்னா எழுந்து நடந்தால் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு, என் மனைவி இனிச் சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னேன். டாக்டர் போன் செய்தபோது அவரிடமும் அதையேதான் சொன்னேன். அவளிடம் பேச வேண்டும் என்றார். தூங்குகிறாள் என்றேன்; பின்னால் அவர் கூப்பிட்டபோதெல்லாம் அதையேதான் சொன்னேன்.

அன்று போனை வைத்துவிட்டு லோர்னாவின் அறைக்குப் போனேன்.

"யாரு போன்ல?"

"கம்பெனிதான். இந்தத் தடவையும் முடியாதுன்னுட்டாங்க."

அவள் அழவில்லை. என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "பாவம், நீயும் எவ்வளவுதான் போராடுவே," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

ஏப்ரலில், ஏரியில் பனி உடையத் தொடங்கியபோது இறந்துபோனாள். டெஸ் கம்பெனிமேல் வழக்குப் போட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், அது நடிப்பில்லை. வழக்கில் கம்பெனி, பிப்ரவரியில் நான் அந்தப் பெண்ணோடு போனில் பேசிய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியது. அதனால்தான் போலீஸிலிருந்து நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள்.

மருந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பாள். ஆனால் என்னைப் போல் அவளை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?