பின்சுவர் விட்ட மூச்சு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவரும், எனக்கு எட்டவில்லை என்று கண்டதும் எழுந்துவந்து தம் கையாலேயே மைக்கைத் தாழ்த்தித் தந்தவருமான அலுவலகத் தலைவர் அவர்களே! கீழ்த்தளத்துக் கணினி அறையைப் புதிதாக்கித் தந்த பொறியாளர் அம்மா அவர்களே! என்னை நம்பி மேடையேற்றிவிட்டு, இப்போது என்னைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! சொட்டும் குடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் அம்மாவே! அனைவரையும் வணங்குகிறேன்.

என் கை நடுங்குவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. பாதி நடுக்கம் பயத்தால் வந்தது. மீதிப் பாதி எதனால் வந்தது என்பதை முடிவில் சொல்கிறேன்.

மின்சாரச் சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. ஊரில் ஒரு குழந்தை பிறந்தாலும், ஒரு வீடு கைமாறினாலும், அந்த அறையின் கணினிகளில்தான் பதிவாகும். அவை ஓயாமல் உழைத்தன, உழைத்துக் கொதித்தன. அந்தக் கொதிப்பை அடக்க, பழைய ஏசிகள் ஓயாமல் ஓடின. தூங்கும் ஒரு குழந்தைக்கு விசிற வேண்டியவர்கள் தெருவுக்கே விசிறியது போல, மூலையில் இருந்த கணினிகளுக்காக முழு அறையையும் குளிரவைத்தார்கள். இன்று? பல கணினிகளின் வேலையைச் சில கணினிகள் செய்கின்றன. கதவு போட்ட அலமாரிக்குள் மட்டும் குளிர்காற்று போகிறது. செலவான மின்சாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. இது வெற்றி இல்லையா? பாராட்ட வேண்டாமா? கை தட்டுங்கள். நானும் தட்டுகிறேன்.

தட்டியாயிற்று. இனி எங்கள் பின்சந்துக்கு வாருங்கள்.

அந்தப் பழைய ஏசிகளின் வெப்பமெல்லாம் எங்கே போனது தெரியுமா? பின்சுவர் வழியாக எங்கள் சந்துக்குள் வந்தது. அதில் ஓர் ஏசிப் பெட்டி இரண்டு முறை இருமிவிட்டுத்தான் மூச்சு விடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் இருமல் தாத்தா. மழைக்காலத்தில் ஊரே நனைந்து நடுங்கும். எங்கள் சுவர் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தச் சுவரில் சாய்ந்து. என் ஈரத்தலை உலர்ந்தது அந்தக் காற்றில். மழை மணமும் சோப்பு மணமும் கலந்து வருமே, அந்த மணம்தான் எனக்கு என் சிறுவயது.

அந்தச் சந்தில்தான் என் அம்மாவின் சலவைக் கடை. கூரைக்குக் கீழே கொடி கட்டி, சுவரின் மூச்சில் துணி உலர்த்துவார். அடை மழையிலும் சொன்ன நேரத்துக்குத் துணி தருவார் என்று பெயர் எடுத்தவர். மேலதிகாரிகள் வரும் நாளில் காவலாளி மாமா ஓடி வந்து, கொடியை அவிழ்க்கச் சொல்லி அதட்டுவார். அம்மா மறுபேச்சுப் பேசாமல் அவிழ்ப்பார். முதலில் அவிழ்த்து நீட்டுவது அந்த மாமாவின் காக்கிச் சட்டையாகத்தான் இருக்கும். அதோ, வாசலில் நின்று தலையைச் சொறிகிறார் பாருங்கள்.

தலைவர் ஐயாவும் சிரிக்கிறார்கள். அதனால் துணிந்து சொல்கிறேன். ஒருநாள் முக்கியமான கூட்டத்துக்கு முன்னால் ஐயாவின் வெள்ளைச் சட்டையில் தேநீர் கொட்டிவிட்டது. அலசிக் கொடுத்த அம்மாவைவிட, உலர்த்திக் கொடுத்த இருமல் தாத்தாதான் அன்று மானத்தைக் காப்பாற்றினார். அதுவரை ஐயா பனியனோடு கோப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

இந்த மழை தொடங்கும் முன்பே புது அறை ஓடத் தொடங்கிவிட்டது. இருமல் நின்றது. அன்று அம்மா வெகுநேரம் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"தாத்தா போய்ச் சேர்ந்துட்டாரு போல" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மழை பிடித்த நாள் முதல் கொடியில் துணி காயவில்லை, வாடை அடித்தது. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இயந்திரத்தில் உலர்த்தித் தரும் பெரிய கடையைத் தேடி ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நேற்று இரவு சோற்றைப் பிசைந்தபடியே அம்மா சொன்னார்:

"இந்த மழையோட கடையை மூடிடலாம்னு இருக்கேன். நீ மேடையில இதையெல்லாம் உளறி வைக்காத. அவங்க நல்லதுதான் செஞ்சிருக்காங்க."

அம்மா, நான் உளறிவிட்டேன். வீட்டுக்கு வந்து திட்டு.

பெரியோர்களே, பழைய இயந்திரத்தைத் திருப்பிக் கேட்க நான் வரவில்லை. என் ஏக்கத்துக்காக ஊர்ப்பணம் கரைய வேண்டுமா? வேண்டாம். வேறொன்றைக் கேட்க வந்தேன். போன வாரம் எங்கள் வகுப்பைப் புது அறைக்குக் கூட்டிப் போனார்கள். கணினிகளின் சூட்டைத் தண்ணீர்க் குழாய் வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறது என்று பொறியாளர் அம்மா விளக்கினார்கள். மேலே போய் அந்தச் சூடு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"என்ன ஆகும்? வீணாத்தான் போகுது பாப்பா. ஆகாசத்துல விட்டுடறோம்" என்றார்கள்.

அந்த ஒரு சொல் என்னைத் தூங்க விடவில்லை. வீண்! மழையில் நனையும் சந்துக்குப் பக்கத்திலேயே, வெப்பம் வீண்! பழைய ஏசிகள் இருந்த பின்னறை இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. அதன் கதவு எங்கள் சந்தைப் பார்த்துத்தான் திறக்கிறது. அந்தச் சூட்டுக் குழாய் மாடிக்கு ஏறும் முன் அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றிவரக் கூடாதா? அங்கே ஒரு கொடி கட்டக் கூடாதா? சேமித்த மின்சாரம் உங்களிடமே இருக்கட்டும். எஞ்சிய வெப்பம், ஆகாயத்துக்குப் போகிற வழியில் எங்கள் வாசலையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நடுக்கத்தின் மீதிப் பாதியைச் சொல்வதாகச் சொன்னேன். இந்த மேடைக்காக அம்மா என் சீருடையை முந்தாநாளே துவைத்துப் போட்டார். ஊருக்கெல்லாம் உலர்த்திக் கொடுத்தவரின் மகள் இன்று ஈரச் சட்டையோடு உங்கள் முன் நிற்கிறேன். பொறியாளர் அம்மா, இறங்கும்போது உங்கள் பக்கமாகத்தான் வருவேன். பதில் எதுவும் இப்போதே சொல்ல வேண்டாம். என் சட்டைக் கையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. இத்தனை மழைக்காலம் எங்களுக்காக இருமிய தாத்தாவுக்கும் நன்றி. வணக்கம்.